பெரிய றானா

இரத்தினேஸ்வரி செத்து ஒரு மாரி கழிந்த பிறகும் கோணாமலையின் கொப்பியில் அவளுடைய சிவப்பு மை ஈரமாக இருந்தது.

துறைமுகத்தில் சீமெந்து மூட்டை சுமக்கிறவர் அவர். தலை நரைத்த பிறகுதான் மனைவி கையைப் பிடித்து எழுத்துப் பழக்கினாள். அன்றன்று நடந்ததைக் கொப்பியில் எழுதவைத்து, சிவப்புப் பேனையால் திருத்துவாள். எப்போதும் ஒரே பிழைதான்: சின்ன ரானா வரவேண்டிய இடத்தில் பெரிய றானா. திருத்துவதில் அவள் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. அவள் போன பிறகும் அவர் எழுதினார். எழுதியதைத் திருப்பிப் பார்க்கத்தான் மனம் வரவில்லை.

இன்று மழைக்கு வேலை இல்லை. அந்திக்கு முன்னமே வீடு இருண்டு, கரண்டும் போய், வாடைக்காற்று டீசல் மணத்தையும் அழுகிய பாசி மணத்தையும் கதவிடுக்கால் ஊதிக்கொண்டிருக்க, மெழுகுதிரி வெளிச்சத்தில் அவர் ஒரு பழைய பக்கத்தைத் திறந்தார்.

'கறையில் மூட்டை இறக்கினோம்.'

அவள் செத்த பிறகு எழுதியது. விரல் முதற்சொல்லைக் கடந்ததும் றகரத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஊறியது. மேலே சின்ன ரானா எழுந்தது. அவளுடைய கையெழுத்தேதான். அவர் விரலை எடுக்கவில்லை. பயத்துக்குள் ஆசையும் இருந்தது.

குசினிக்குள் இருந்து மகள் கஜந்தினி குரல் கொடுத்தாள்.

"திரும்பவும் கொப்பியோ அப்பா? பழசைக் கிளறினா அழுகைதான் மிச்சம்."

"அம்மாவின்ர எழுத்தைப் பாக்கிறன் பிள்ளை."

"ஓம், அவ வந்து மாக்ஸ் போடுவா, இருங்கோ."

அவர் அடுத்த வரிக்குப் போனார். 'வீமன் வாசலில் இருக்கிறான்.' வீமன் அவர்கள் வீட்டு நாய். இதில் பிழை இல்லை, அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் 'ரு' வெட்டுப்பட்டது. மேலே பெரிய றானா வந்து குந்தியது.

இறக்கிறான்.

வாசலில் சாக்கின்மேல் அடித்துக்கொண்டிருந்த வாலின் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தார். திறந்த கண்களுக்குள் கூரைத்தண்ணீர் சொட்டியது. நாய் இமைக்கவில்லை.

வாசித்தால் திருத்துகிறாள்.

கொப்பியை அறைந்து மூடினார். அவள் செத்த நாளிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் அவர் எழுதிவந்தது மகள் இருக்கிறாள் என்ற ஒரே வரி. இனி யாரும் அதை வாசிக்கக் கூடாது. குசினிக்கு ஓடி அடுப்புக்குள் கொப்பியை நீட்டினார்.

கஜந்தினி பாய்ந்து பறித்தாள்.

"விசரே உங்களுக்கு? அம்மாவின்ர எழுத்தை எரிக்கப் போறீங்களோ?"

"தா பிள்ளை! திறக்காத!"

"அப்பிடி என்னத்தை ஒளிச்சு வச்சிருக்கிறீங்கள்?" சிரித்தபடி சுவரோடு ஒதுங்கினாள். நெருப்பு வெளிச்சத்தில் பக்கத்தை விரித்தாள். கண் கடைசி வரியில் நின்றது. சிரிப்புக் கரைந்தது; வாய்விட்டு வாசித்தாள்.

"கஜந்தினி வீட்டில் இ..."

அவர் வாயைப் பொத்தப் பாய்ந்தார்.

"...ற்..."

குரல் அங்கேயே நின்றது. அவருடைய உள்ளங்கைக்குக் கீழே உதடு குளிர்ந்தது. நாக்கு மட்டும் மேலண்ணத்தில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ற்ற்ற்ற். கண்ணில் ஆள் இல்லை. விரலிடுக்கால் சிவப்பு வழிந்தது. மை மணம்.

மகளின் கை தானாக அடுத்த பக்கத்தைத் திருப்பியது. கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தது.