கால் அங்குல ஓட்டை

காலை ஏழே கால். யிவெட் டேகலின் போன் அலறியது!

"யிவெட்... ஷெரீஃப் ஆபீஸ்லேர்ந்து ஹாஸ்கெல். ஆர்வில் பிங்காம் இறந்துட்டாரு."

"எப்படி?"

"நாற்காலியில உக்காந்தபடியே. கார்பன் மோனாக்சைடு விஷவாயு. அவர் பாய்லரைக் கடைசியா தொட்டது யாரு?"

"நான்தான். வியாழக்கிழமை சர்வீஸ்."

"கிளம்பி வா."

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. பூட்ஸை மாட்டினாள். இடது காலில் வலது பூட்ஸ். கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

பதினோரு வருஷமாக அவள்தான் ஆர்விலின் வீட்டைச் சூடாக்கும் பாய்லரையும் அதன் ஆயில் பர்னரையும் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் பாய்லர் மூடியின் மேல் அவளுக்காக ஒரு டோனட்டைச் சூடாக வைத்திருப்பார் கிழவர்.

வெளியே மைனஸ் இருபது. ஏரிக்கரை வீட்டின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தீயணைப்புக்காரர்கள் திறந்து போட்டிருந்தார்கள்.

சமையலறையில் டுவேன். ஆர்விலின் இரண்டாவது மனைவி விட்டுப்போன மகன்.

"வந்துட்டா பாருங்க! இவதான் கொன்னா!"

"கத்தாதே, டுவேன்." ஹாஸ்கெலின் குரலில் களைப்பு.

"கத்தாம? சர்வீஸ்னு வந்தா... புதுசா ஒரு புகைக்குழாயை மாட்டினா... நாலே நாள்ல ஆளே இல்ல!"

யிவெட் நிமிர்ந்தாள்.

புதுக் குழாயா?

"அவளுக்கப்புறம் வேற யாராவது தொட்டாங்களா?" ஹாஸ்கெல் கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல. காலைல வந்தேன். விறைச்சுக் கிடந்தாரு. நிலவறைப் படி பக்கத்துல பாய்லரோட சிவப்பு ஸ்விட்சை அணைச்சேன். உங்களுக்கு போன் பண்ணேன். அவ்வளவுதான்."

"விஷவாயு அலாரத்துல பேட்டரி இல்லையே?"

"டிவி ரிமோட்டுக்கு எடுத்திருப்பாரு. கோவிட்டுக்கப்புறம் மூக்கும் வேலை செய்யல. புகை வாசனைகூடத் தெரிஞ்சிருக்காது, பாவம்."

ஹாஸ்கெல் யிவெட் பக்கம் திரும்பினார். "உன் வேலையில தப்புன்னா லைசென்ஸ் மட்டும் போகாது, யிவெட். ஜெயில்."

"தெரியும்."

யாரோ வேறொருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது அவளுக்கு.

மூவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். பர்னரில் அவளுடைய சர்வீஸ் கார்டு தொங்கியது. ஹாஸ்கெல் படித்தார்.

"நாஸில் மாத்தினது... ஃபில்டர் மாத்தினது... புகை அளவு பூஜ்யம்... எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கே?"

அவள் பாய்லரிலிருந்து சிம்னிக்குப் போகும் புகைக்குழாயையே பார்த்தாள். பளபளவென்று வெள்ளித் தகடு.

விரலால் தடவினாள். மேலே... பக்கவாட்டில்... அடியில்...

"ஓட்டை எங்கே?"

"என்ன ஓட்டை?"

"புகையை அளக்கிற கருவியை உள்ளே விட, குழாயில கால் அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போடுவோம். அது இல்லாம ஒரு நம்பர்கூட எழுத முடியாது. இதுல இல்ல."

டுவேன் துள்ளினான்.

"பாத்தீங்களா! அவ வாயாலயே சொல்லிட்டா! அளக்கவே இல்ல... நம்பரையெல்லாம் கற்பனையில எழுதியிருக்கா!"

ஹாஸ்கெலின் கை இடுப்பிலிருந்த விலங்குக்குப் போனது.

"இது உனக்கு நல்லதில்ல, யிவெட்..."

"இந்தக் குழாயை நான் மாட்டல. என் ஓட்டை பழைய குழாயில இருந்துச்சு. இதைக் கழட்டிப் பாருங்க."

ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஆயில் வால்வை மூடினாள்.

கையுறை மாட்டிய ஹாஸ்கெல் மூன்று திருகாணிகளைக் கழற்றினார். குழாய் கையோடு வந்தது.

பாய்லரின் வாயில் விரல் கனத்துக்குக் கரி!

குழாய்க்குள் டார்ச் அடித்தார்.

கழுவி வைத்த தட்டுபோல் மின்னியது!

"டுவேன்... வியாழக்கிழமையிலேர்ந்து இந்தக் குழாய் இங்கேயேதான் இருந்துச்சா?"

"ஆமா! எத்தனை தடவை சொல்றது?"

யிவெட் மெதுவாகச் சொன்னாள். "அந்தக் கரி இது வழியாத்தான் போயிருக்கணும். ஒரு பொட்டுகூட ஒட்டல. இதை மாட்டினப்புறம் பர்னர் ஒரு நிமிஷம்கூட எரியல. ஆர்வில் செத்தப்புறம் மாட்டினது இது."

ஹாஸ்கெல் குழாயைக் கீழே வைத்தார்.

"ஸ்விட்சை அணைச்சது நீ," என்றார் ஹாஸ்கெல். "அணைச்சதுக்கும் எனக்கு போன் பண்ணதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம், டுவேன்?"

டுவேனின் கண்கள் சின்ன ஜன்னலுக்கு ஓடின. வெளியே அவன் ட்ரக்.

அது போதும்.

ட்ரக்கில், தார்ப்பாய்க்கு அடியில் நசுங்கிக் கிடந்தது பழைய குழாய். உள்ளே புகையை அடைக்கத் திணித்த கண்ணாடிப் பஞ்சு, கருகி... பக்கவாட்டில் யிவெட்டின் கால் அங்குல ஓட்டை!

"ஏரிக்கரை வீட்டை விக்கமாட்டேன்னாரு கிழவர். அதுக்காகவாடா?" ஹாஸ்கெல் விலங்கை மாட்டினார்.

க்ளிக்!

"யோவ், கோட்டாவது எடுக்க விடுய்யா! உங்க கவுண்டி ஜெயில்ல குளிர்லயே செத்துடுவேன்!"

யிவெட் வாசலின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அழுகை வரவில்லை. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"கவலைப்படாதே, டுவேன்... அந்த ஜெயில் பாய்லருக்கும் நான்தான் சர்வீஸ்!"