மதகில் நின்றவன் முகம்

பாகூர் ஏரிக்கரைக்கு அடியில் இருந்த உலகநாதர் வீட்டுக்குச் சூசைநாதன் வந்து இறங்கியது 1937ஆம் வருஷம், வைகாசி பிறந்த வாரத்தில். வில்லியனூரிலிருந்து ஒற்றை மாட்டு வண்டி. கால்சட்டை, கோட்டு, காலில் சப்பாத்து. ஒரு கையில் தூரிகை அடுக்கிய தகரப் பெட்டி, இன்னொரு கையில் துணி சுற்றிய பிரெஞ்சுப் படப் புத்தகம். புதுச்சேரி அச்சுக்கூடத்துக்குப் படம் எழுதுகிறவன் என்றால் சும்மாவா? சப்பாத்தில் புழுதி ஒட்டிவிடக் கூடாதே என்று கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த காசம்மாள் விளக்குமாற்றை நிறுத்தினாள். அவளுக்கு அந்த நடை தெரியும். சேற்று வரப்பில் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்களின் நடை. சப்பாத்துக்குள் போட்டு மூடினால் மட்டும் மறைந்துவிடுமா என்ன?

உலகநாதருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் கண்ணெல்லாம் கொம்யூன் என்ற ஊராட்சித் தேர்தலில். கொம்யூன் தலைவரான மேர் பதவி மேல் அவருக்கு ஆசை என்பது பாகூரில் எருமைக்கும் தெரியும்.

"உக்காருங்க முசியே," என்று கூடத்தில் நாற்காலி காட்டினார். "பிரான்சுக்காரன் அவன் ஊரு பழைய கோட்டைச் சண்டைய கட்டம் கட்டமா படம் போட்டு, அடியில ரெண்டு ரெண்டு வரி எழுதி வெச்சிருக்கான் பாரு. இன்னா, எங்க ஊர்ல சண்டையே நடக்கலியா? எங்க முப்பாட்டன் சிங்கநாதர், சோழர் காலத்துல, இதே ஏரி மதகுல நின்னு வடக்கத்திப் படையத் தடுத்தாரு. நாப்பது கட்டத்துல எழுதிக் குடு. ஜூலை பதினாலு பிரெஞ்சுப் பண்டிகைக்குக் குருவிநத்தம் வரைக்கும் வூட்டுக்கு வூடு புத்தகம் போவணும்."

"முகம் எப்படி எழுதறதுங்க?"

உலகநாதர் மீசையைத் தடவினார். "அவரு முகத்த யாரு கண்டா? என்னப் பாத்து எழுதிக்க."

பதிலுக்கு அவர் தருவதாகச் சொன்னது ஒரு சிபாரிசுக் கடிதம். பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திர வாத்தியார் வேலை. சூசைநாதன் இரண்டு வருஷமாக அந்த வேலையைக் கனவில் பார்த்துக்கொண்டிருந்தான். கனவில்கூட அவன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான்.

ஊர் சொல்லும் கதை வேறு. வடக்கத்திப் படை ஏரியைத் திறந்துவிட்டு ஊரை மூழ்கடிக்க மதகுப் பலகையைப் பிளந்தது. அந்த ஓட்டைக்குள் தன் உடம்பைச் செருகி அடைத்துக்கொண்டு நின்றவன் காடன் என்ற நீர்க்கட்டி, வயலுக்கு வயல் தண்ணீர் திருப்பிவிடுகிற கூலியாள். சண்டை உச்சி வெயிலில் முடிந்தது. உடம்பை மூன்றாம் நாள்தான் இழுத்து எடுத்தார்கள். முகம் இருந்த இடத்தில் மீன் தின்றது போக வண்டல்தான் மிச்சம். சிங்கநாதரோ, சண்டை முடிகிறவரை ஒரு பனைமரத்து உச்சியில் இருந்தாராம். நாம் போய்ப் பார்த்தோமா, கேள்விதான்.

சூசைநாதனுக்கு இந்தக் கதை தெரியாதா? தாய்ப்பாலோடு குடித்த கதை. காடன் வம்சத்தின் கடைசி நீர்க்கட்டி சடையனுடைய மகன் அவன். சடையன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தான், ஆறு வயதுப் பிள்ளையை வில்லியனூர் சாமியார் மடத்தில் விட்டான், அடுத்த மழைக்கே செத்தும் போனான். இப்போது மகனைக் கேட்டால் பூர்வீகம் புதுச்சேரிப் பட்டணம் என்பான். உண்மையைச் சொன்னால் கூடத்தில் நாற்காலி கிடைக்குமா, தலைவாழை இலைதான் கிடைக்குமா? சடையன் அந்த வீட்டுக் கொல்லைப் படலைத் தாண்டிக் கால் வைத்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில், படம் எழுத ஒதுக்கியிருந்த அறைக்கு வெளியே, ஜன்னலோரம் பெருக்க வந்த காசம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"சடையன் மொவன்தானே நீ?"

அவன் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"அவன் கூடப் பொறந்தவடா நானு. ஒன் அத்தை. ஆனி மொத வெள்ளி கரையில பேர் கூப்புடுவோம், நெனப்பிருக்கா? செத்தவங்க பேரு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அவங்கவங்க வம்சம் 'ந்தா இருக்கேன்'னு சொல்லணும். ஒன் அப்பன் போனதுலேந்து காடனுக்குச் சொல்ல ஆளில்ல. கட்டிக் குடுத்த பொண்ணு, நான் புருஷன் வம்சத்துக்குத்தான் சொல்ல முடியும். வருசா வருசம் 'தண்ணி கட்டப் போயிருக்கான், வந்துருவான்'னு சொல்லிச் சமாளிக்கிறோம். இருவது வருசமாவா ஒருத்தன் தண்ணி கட்டுவான்?"

கூடத்தில் உலகநாதரின் மிதியடிச் சத்தம் கேட்டது.

"ஆள் தெரியாம பேசாத," என்றான் சூசைநாதன், கூடத்துக்குக் கேட்கும்படி. "போய் வேலையப் பாரு."

காசம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். "சரிங்க சாமி," என்றாள்.

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பான். அந்த 'சாமி' இரண்டு நாள் காதில் சுட்டுக்கொண்டிருந்தது.

வேலை நன்றாகத்தான் நடந்தது. முதல் கட்டத்தில் நிரம்பிய ஏரி. ஐந்தாவதில் யானைகள். பன்னிரண்டாவதில் அம்பு மழை, அடியில் 'வானம் கறுத்தது' என்று வரி. கையில் வித்தை இருந்தது, அதை மறுக்க முடியாது. முப்பத்தொன்றாவது கட்டத்தில் மதகு. பிளந்த பலகை, சீறும் தண்ணீர், நடுவில் மார்பு வரை மூழ்கிய வீரன். அவனுக்கு உலகநாதரின் மூக்கையும் மீசையையும் வைத்தான். கழுத்தில் பதக்கம் போட்டான். கூலியாளுக்கு ஏது பதக்கம் என்று கை ஒரு நொடி தயங்கியது. பிறகு ஒன்றுக்கு இரண்டாகவே போட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வீடு முழுக்க உறங்கியது. ஏரிப்பக்கத்து ஜன்னலை வெயிலுக்காகச் சாத்தியிருந்தார்கள். கீற்றுக் கீற்றாய் விழுந்த வெளிச்சத்தில் தூசிகூட அசையவில்லை. வெளியே ஏரி காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. இரண்டு மாதமாய் அதில் ஒரு கொக்குகூட இறங்கவில்லை.

ஆனாலும் அறையில் வண்டல் வாடை.

பாசி அழுகிய வாடை. கெளுத்தி மீன் வயிற்றைக் கிழித்தால் வருகிற வாடை.

சொட்.

சூசைநாதன் கூரையைப் பார்த்தான். ஓடு காய்ந்து கிடந்தது.

சொட்.

காகிதத்தைப் பார்த்தான். முப்பத்தொன்றாவது கட்டத்தில் முகம் மட்டும் நனைந்திருந்தது. உலகநாதரின் மூக்கு கரைந்து வாய்க்குள் ஓடியது, மீசை கன்னத்தில் வழிந்தது. பதக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. யானை, அம்பு, அடியில் எழுதிய வரி, எதிலும் ஒரு துளி ஈரமில்லை.

வியர்வை பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு வேறு தாளில் புதிதாக எழுதினான். மறுநாள் உச்சியில் அதுவும் கரைந்தது. அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் கதவைத் தாழிட்டு, படத்தைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டான். வாத்தியார் வேலைக்காக ஒருவன் படுகிற பாட்டைப் பாருங்கள்.

உச்சி வேளை வந்தது.

கதவுக்கு உள்பக்கம், தரையில், ஒரு ஈரக் கால்தடம் இருந்தது.

யாரும் கதவைத் திறக்கவில்லை.

இன்னொரு தடம். விரல்கள் அகல விரிந்த, செருப்பே காணாத கால். ஒவ்வொரு தடத்துக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. சேற்றில் நடக்கிறவன் காலைத் தூக்கித் தூக்கி வைப்பான் அல்லவா, அப்படி.

அவனுடைய நடை.

தடங்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றன. பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. மூக்கில்லாதவன் சேற்றுக்குள்ளிருந்து விடுகிற மூச்சு, கொளகொளவென்று. அது எதுவும் பேசவில்லை. பதில் கேட்டு நிற்கிறவன் மாதிரி, பொறுமையாக நின்றது.

"நான் இல்ல," என்றான் சூசைநாதன், உதடு அசையாமல். "நீ தேடற ஆள் நான் இல்ல."

பயத்தில் சொன்னதாக அவனே பிற்பாடு நினைத்துக்கொள்ளப் பார்த்தான். உண்மை அவனுக்கே தெரியும். அந்த நேரத்திலும் வெட்கம்தான் முந்திக்கொண்டது. கூடத்தில் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று.

ஆனி முதல் வெள்ளி வந்தது. உலகநாதர் குடையோடு கரைக்குக் கிளம்பினார். "வாங்க முசியே, சனங்க வேடிக்கையப் பாருங்க. கடைசிக் கட்டத்துக்கு ஆவும்." ஆட்கள் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மதகுக்கு அருகில் போட்டார்கள். அவர்கள் பின்னால் வெடித்த ஏரித் தரை. எதிரே, செத்தவர்களுக்காக நட்டு மஞ்சள் பூசிய கல். கல்லைச் சுற்றிச் சேரி சனம், வெயிலில், தரையில்.

நாற்காலி சூசைநாதனை நெருப்பாகச் சுட்டது. எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

பேர் கூப்பிடுகிற முறை அந்த வருஷம் காசம்மாளுக்கு. வெல்லம் கலந்த பச்சரிசித் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். பேர் சொல்வாள், 'ந்தா இருக்கேன்' என்று ஒரு குரல் வரும், அந்தக் கையில் ஒரு பிடி அரிசி வைப்பாள். பத்தொன்பது பேர் முடிந்தது.

"காடன்."

பின்வரிசையிலிருந்து பச்சையப்பன் என்ற கிழவர் வழக்கம்போல, "தண்ணி கட்டப் போயிருக்..." என்று தொடங்கினார்.

"சும்மா இரு மாமா," என்றாள் காசம்மாள். "காடன்!"

அவள் யாரையும் கைகாட்டவில்லை. சூசைநாதனை நேராகப் பார்க்கக்கூட இல்லை. அவனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஒரு சொல்தான். எழுந்து நின்று சொன்னால் முடிந்தது. நாவு எழும்பியது. பக்கத்து நாற்காலியிலிருந்து அத்தர் வாசனை வந்தது. நாவு படுத்துவிட்டது.

"இன்னா முசியே, இப்பிடி வேர்க்குது?" என்றார் உலகநாதர்.

"வெயிலுங்க."

"காடன்!" மூன்றாம் தரம்.

"ந்தா இருக்கேன்."

சூசைநாதனின் குரல். சாமியார் மடத்தில் இருபது வருஷம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அதே தொண்டை. ஆனால் அவன் வாய் மூடியிருந்தது.

குரல் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து, வறண்ட ஏரிப் பக்கமிருந்து வந்தது.

சனம் தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தது. காசம்மாள் மெல்ல நடந்து வந்தாள். சூசைநாதன் தன்னையறியாமல் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போனாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒரு பிடி அரிசியை அள்ளி, வெறும் வெளியில் வைத்தாள்.

ஒரு மணிகூடத் தரையில் விழவில்லை.

"இதெல்லாம் படத்துல வேணாம்," என்றார் உலகநாதர். எழுந்து நடந்தார், கொஞ்சம் வேகமாகவே.

அன்றிலிருந்து படம் நனையவில்லை. சூசைநாதன் எத்தனை உச்சி வேளை காத்திருந்து பார்த்தான்! மீசை மீசையாகவே இருந்தது. பிடித்தது விட்டது என்று பெருமூச்சு விட்டான். காடனுக்கு இனி காகிதத்து முகம் தேவைப்படவில்லை, வேறு முகம் கிடைத்துவிட்டது என்று யோசிக்க அவனுக்கு நேரமேது? புத்தகம் அச்சானது, பண்டிகையில் வீட்டுக்கு வீடு போனது. சொன்ன வார்த்தைப்படி கடிதமும் வந்தது, கடிதத்தோடு வேலையும் வந்தது.

பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். புது வாத்தியார்களைப் பெரிய அறையில் கூட்டியிருந்தார்கள். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக 'ப்ரெசான்' என்று சொல்லி உட்கார வேண்டும். சூசைநாதன் அந்தச் சொல்லை வழியெல்லாம் முணுமுணுத்துப் பழகியிருந்தான். எங்கோ கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

"முசியே சூசைநாதன்."

வாயைத் திறந்தான். நாக்கின் மேல் வண்டல் சுவை.

"ந்தா இருக்கேன்," என்றது பின்னாலிருந்து அவன் குரல்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். சூசைநாதனின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். புன்னகைத்தார்.

"நல்லது. உட்காருங்கள்."

பின்னாலிருந்த நாற்காலி, ஆள் உட்கார்ந்த கனத்தில் கிரீச்சிட்டது.

சூசைநாதன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான்.