படுத்த எட்டுக்கு அப்பால்

தூரத்து மின்கோபுரம் முன்கூட்டியே தெளிந்துவிட்டது.

பழைய லென்ஸ், கையால்தான் திருக வேண்டும். சின்ன கேமராவில் அதன் வளையம், முடிவில்லாத தூரத்தைக் காட்டும் படுத்த எட்டுக் குறியில் முட்டி நிற்கும்போதுதான் கண்ணுக்கெட்டிய கடைசிப் பொருள் தெளியும். இன்று இரண்டையும் இணைக்கும் புது அடாப்டர் போட்டு அவன் அதைப் பெரிய கேமராவில் மாட்டினான். அந்தக் குறிக்கு முன்பே எல்லாம் தெளிந்தது. அப்புறமும் வளையம் சுற்ற இடமிருந்தது.

"அடாப்டர் மயிரிழை மெலிசுக்கா. தாண்டிப் போகுது."

"மலிவுன்னு பாஞ்சு வாங்கினேல்ல, அனுபவி," என்றாள் அக்கா. ஸ்டுடியோவின் மறுபாதி முதலாளி.

"தாண்டினா என்ன. அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கு?" என்றான்.

அவள் சாப்பாடு வாங்கக் கிளம்பினாள். அவன் கேமராவோடு படமெடுக்கும் அறைக்குள் போனான். போகிற போக்கில், பழக்கத்தில், அவள் கதவை இழுத்துச் சாத்திவிட்டாள். உள்பக்கக் கைப்பிடி கழன்று வாரக்கணக்காகிறது.

"அக்கா." படியில் செருப்புச் சத்தம் இறங்கிப்போனது. சரி, வரட்டும்.

சன்னல் இல்லாத அறை. கறுப்புத் துணி தொங்கும் சுவர்கள், சூடேறிய விளக்கிலிருந்து பொசுங்கிய தூசியின் வாசம், எங்கோ குழாயில் நீர் சொட்டி ஓய்ந்து மறுபடி சொட்டுகிற ஓசை. நாற்காலியைப் பார்த்து வளையத்தைத் திருகினான். தெளிகிற பொருளின் விளிம்பில் கேமராவின் திரை சிவப்புக் கோடு போடும். நாற்காலி சிவந்தது, கலங்கியது. அதன் பின்னால் கதவுள்ள சுவர் சிவந்தது, கலங்கியது. சும்மா, வளையத்தைக் கடைசிவரை விட்டான்.

எல்லாம் கரைந்த அந்தச் சாம்பல் நிறத்தின் நடுவே, கதவுக்கு முன்னால், ஒன்று மட்டும் சிவப்பாகத் தெளிந்து நின்றது. ஆளுயரம். இரண்டு தோள்.

கேமராவை இறக்கினான். கதவு. வெறும் கதவு.

ஏற்றினான். கோடுகள் மங்கியிருந்தன. தெளிவைத் தேடி வளையத்தைப் பின்னால் திருப்பினான். படுத்த எட்டில் கிடைத்தது. எண்ணிக் கும்பிட ஒரு சாமியும் நினைவுக்கு வரவில்லை. மறுபடி மங்கியது. பத்து மீட்டர் குறியில் கிடைத்தது.

அறையின் நீளமே நாலு மீட்டர்தான்.

அது வளரவில்லை. எண்கள்தான் குறைந்தன. ஐந்து. மூன்று. கண்ணை எடுத்தால் எங்கே நிற்கிறது என்பது தெரியாமல் போகும். எடுக்கவில்லை.

கதவு திறந்தது. வெளிச்சம். குழம்பு வாசனை.

"என்னடா சிலையாட்டம்? கூப்பிட்டா என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"அக்கா, உள்ள வராத."

"ஏன், யாரை ஒளிச்சு வெச்சிருக்க?"

வந்தாள். அது நின்ற இடத்தின் ஊடே நடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவளிடம் அதற்கு வேலை இல்லை.

"ஒண்ணுமில்லையேடா இங்க. வெளிய வா, ஆறிடும்."

கதவு அகலத் திறந்திருந்தது. வாசல்வரை பன்னிரண்டடி. நடுவில் அது.

ஒன்றரை.

ஒன்று.

வளையம் இந்தப் பக்கக் கோடியில் முட்டியது. இதற்கும் கிட்டே உள்ளதை இந்த லென்ஸ் பார்க்காது. சிவப்புக் கோடுகள் அணைந்தன. திரை முழுக்க ஒரே கலங்கல்.

"எதைப் பாத்துக்கிட்டே நிக்கிற நீ?"

அவன் மூச்சை அடக்கினான்.

லென்ஸின் முன்கண்ணாடியில், வெளிப்பக்கம், வெண்மையாக ஆவி படிந்தது. மெல்ல விலகியது. மறுபடி படிந்தது.