மருதாயியின் சிவப்புக் கிழங்கு

கிழங்கு அவிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அமராவதிக்கு ஒரு நினைப்பு. வயது பத்துதான். அதற்குள் அவ்வளவு நினைப்பு.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா ராசாத்தி கடலை பறிக்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அம்மாவின் தம்பி நல்லதம்பி மாமா வந்து சேர்ந்தார். கீரமங்கலத்தில் மாடு பார்க்கப் போகிறவர், வழியில் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியிருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பானையில் பழைய சோறுகூட இல்லை. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப அமராவதிக்கு மனம் வரவில்லை. வீடு முழுக்கத் துழாவினாள். நெல் குதிருக்குப் பின்னால் ஒரு கூடை. அதில் சாம்பல் பூசிய சர்க்கரைவள்ளிக் கிழங்குகள். அம்மா தனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

சாம்பல் போகக் கழுவியதும் தோல் செக்கச்செவேல் என்று தெரிந்தது. பானையில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வைக்கோலை அடைத்தாள். கிழங்கு தண்ணீரில் கிடந்தால் சொதசொதவென்று ஆகிவிடும். ஆவியில்தான் வேக வேண்டும். வைக்கோல் மேல் கிழங்கை அடுக்கி, ஈரத்துணி போட்டு, தட்டால் மூடி அடுப்பை எரித்தாள்.

மாமா பொறுமையில்லாமல் தட்டைத் தூக்கப் போனார்.

"தொறந்தா ஆவி போயிரும். பேசாம உக்காருங்க மாமா" என்று அதட்டினாள்.

ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தபோது தடையில்லாமல் இறங்கியது. மாமா ஊதி ஊதித் தின்றார். இப்படி ஒரு கிழங்கைத் தின்றதே இல்லை என்றார். மிச்சத்தை அமராவதியும் தெருப் பிள்ளைகளும் தீர்த்தார்கள்.

சாயங்காலம் அம்மா வந்தாள். காலிக் கூடையைப் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அது பக்கத்து வீட்டு மருதாயியின் விதைக்கிழங்கு. அவர் வீட்டில் எலித் தொல்லை என்பதால், அமராவதி பள்ளிக்கூடம் போயிருந்தபோது இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். இப்போது பாத்தியில் புதைத்தால் கொடி ஓடும். ஐப்பசி மழைக்கு அந்தக் கொடியை நறுக்கித் தன் துண்டுக் கொல்லையில் நட வேண்டும். மருதாயிக்கு வேறு வெள்ளாமை கிடையாது.

மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டோமே என்று அம்மா தன்னையே நொந்துகொண்டாள். எலி தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட முணுமுணுத்தாள். அமராவதிக்குத் தின்ற கிழங்கு நெஞ்சிலேயே நின்றது. எழுந்து மருதாயி வீட்டுக்குத் தானே போனாள்.

"பெரியம்மா, கூடையில இருந்த ஒங்க கெழங்க நாந்தான் அவிச்சுட்டேன். வெதைன்னு தெரியாது."

மருதாயி திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

"ஒண்ணு ரெண்டாச்சும் கெடக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அமராவதி இல்லை என்று தலையாட்டினாள்.

அந்தக் கிழங்கு மருதாயியின் அக்காள் ஊரிலிருந்து வந்தது. மறுபடி கேட்டு ஆள் அனுப்பினார்கள். அங்கே தண்ணீர் இல்லாமல் கொடியெல்லாம் கருகிவிட்டதாகச் சேதி வந்தது. மருதாயியின் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. பள்ளிக்கூடம் போகும்போது அமராவதி அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

ஐப்பசியில் மழை விழுந்தது. உள்ளூர் விவசாயி மலையாண்டியின் கிணற்றுத் தோட்டத்தில் வெள்ளைக் கிழங்குக் கொடி மண்டிக் கிடந்தது. அதை அறுத்து அவர் மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அமராவதி யோசித்தாள். மாட்டுக்குக் கொடிதான் வேண்டும் என்று இல்லையே.

கொடியைத் தனக்குத் தந்தால், அதற்குப் பதில் கட்டுக்குக் கட்டுப் புல் அறுத்துத் தருவதாக அவரிடம் சொன்னாள். மலையாண்டி சிரித்தார். ஆனால் சம்மதித்தார். பள்ளிக்கூடம் விட்டதும் கண்மாய்க் கரையில் புல் அறுத்தாள். ஒரு நாள் விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டு, துணி சுற்றிக்கொண்டு அறுத்தாள். வாங்கிய கொடியை நட்டு மருதாயியின் கொல்லை நிறையும் வரை விடவில்லை.

மாசியில் கிழங்கு வெட்டினார்கள். மருதாயி அவித்து, பெரிய கிழங்காக ஒன்றை அமராவதியின் கையில் வைத்தார்.

"நல்லா இருக்கா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நல்லாத்தான் இருக்கு பெரியம்மா. ஆனா ஒங்க செவப்புக் கெழங்கு மாதிரி இல்ல."

மருதாயி கிழங்குப் பானையைத் தட்டால் மூடினார்.

"அக்கா குடுத்தது அம்புட்டையும் வெதைக்குன்னு வச்சுட்டேன். ஒண்ணக்கூட வாயில வைக்கல" என்றார். "நீதான் தின்னிருக்கியே. எப்படி இருந்துச்சு, சொல்லு."

அமராவதி கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். மருதாயியின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.