ஒன்பது கல்லைச் சுற்றி

"கண்ணைக் கரையிலயே கழட்டி வச்சிட்டு வந்தீகளா?"

தேவிபட்டினத்துக் கடலில், இடுப்பளவு தண்ணீரில், தன் காலை மிதித்தவனைத் திட்டியபடி திரும்பினாள் சேதுலட்சுமி. திட்டு பாதியிலேயே நின்றுபோனது. மிதித்தவன் பூமிநாதன்... அவள் புருஷன்!

அவனும் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்கள்... பட்டாளத்தில் விளக்கணைந்த பிறகு அவன் நினைத்து நினைத்து ஏங்கிய கண்கள், இதோ உப்புநீரில் சிவந்து, கைக்கெட்டும் தூரத்தில்!

எல்லாம் இந்தப் பாழாய்ப்போன ஆடி மாதத்தால் வந்த வினை. பங்குனியில் கல்யாணம், கழுத்து மாலை வாடுமுன் பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டான். ஐ.நா. படையோடு காசாவுக்குக் கப்பலேறுமுன் ஊருக்குப் போய்வரச் சின்னதாய் ஒரு லீவு கொடுத்தார்கள். ஓடோடி வந்தால் வீட்டில் அவள் இல்லை. தலை ஆடியென்று அவள் அய்யா கூத்தையா சாயல்குடிப் பக்கம் கூட்டிப் போய்விட்டார். ஆடி முடியாமல் புதுமாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதாம். மாமனார் ஒப்புக்குக்கூட ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. வலியப் போக இவனுடைய ரோஷம் விடவில்லை. லீவு முழுக்கத் தனியாய்ப் பாயில் புரண்டான். இன்று அமாவாசை. செத்துப்போன அய்யாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, அப்படியே சாயங்கால ரயிலைப் பிடிக்கலாமென்று வந்திருந்தான்.

"ஒரு எட்டு வந்து பாக்கணும்னு தோணலைல்ல?" என்றாள்.

"உங்கய்யா கூப்பிடலையே..."

"நான் தெனம் குடத்தோட பஸ் ரோட்டுல வந்து நின்னேனே... என்னைய யாரு கூப்பிட்டா?"

கடலுக்குள் நிற்கும் ஒன்பது நவக்கிரகக் கற்களைச் சுற்றும் கூட்டம் இருவரையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு போனது. தண்ணீருக்கடியில் அவள் கை அவன் கையைப் பிடித்தது. அவளை அமாவாசைக் குளியலுக்குக் கூட்டிவந்து கரையில் நின்ற கூத்தையாவைப் பார்த்துவிட்டு அவன் கையை இழுத்தான். அவள் விட்டால்தானே!

"வீட்டுக்குத்தான வரக்கூடாது? கடலு யாரு வீடு?"

கப்பல் எத்தனை பெரிசு என்று கேட்டாள். அங்கே சோறு கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்று தெரியாமலே சொல்லிவைத்தான். ஒன்பது சுற்றும் முடிந்தது. கூட வந்தவர்கள் கரையேறினார்கள்... இவர்கள் ஏறவில்லை.

"போகப் பயமா இருக்கு சேது," என்றான் மெதுவாக. "சண்டைக்கு இல்ல. நான் உன்னையப் பாத்ததே கொஞ்ச நாளு... அங்கன போயி உன் முகம் மறந்துருமோன்னு..."

அவள் முகத்தில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கினாள். கலைந்த குங்குமத்தைத் துடைத்தாள். வெட்கத்தை விட்டு, வெயிலுக்கு முகத்தை நிமிர்த்தினாள்.

"நல்லாப் பாத்துக்கங்க."

கண்ணீரும் கடல்நீரும் கலந்து வழிந்த அந்த முகத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கரையில் கூத்தையாவும் பார்த்தார். உடனே கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காற்றில் எப்போதோ காய்ந்துவிட்ட துண்டை வெகுநேரம் பிழிந்தார்.

"இன்னொரு சுத்து வருவமா?" என்றாள் சேதுலட்சுமி.

அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே நடந்தான் பூமிநாதன்... மறுபடியும் யார் காலையோ மிதித்தான்.