சிவப்பில் ஒரு திட்டு

எவரிஸ்டோ செத்துக் கிடந்தான்.

இரண்டு தெரு தள்ளி, தன் சொந்தப் பெயிண்ட் ஷெட்டில், பின்மண்டை உடைந்து, குப்புற...

ஆனால் கார் பெயிண்டர் ஃபிடென்சியோவின் கண்ணெதிரே அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

செய்தி சொல்ல வந்தவள் ஸ்ப்ரே அறையின் கதவைத் திறந்துவிட்டாள்!

"மூடுங்க! கதவ மூடுங்க! தூசி!"

"போலீஸ்."

"போலீஸ் கொண்டுவர்ற தூசியும் தூசிதான் மேடம்! மூடித் தொலைங்க!"

டிடெக்டிவ் யோலாண்டா நிதானமாக உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வாயில் சூயிங்கம். இடுப்பில் துப்பாக்கி.

ஃபிடென்சியோவின் கையிலும் துப்பாக்கி. பெயிண்ட் துப்பாக்கி!

அறை நடுவே அறுபத்துநாலாம் வருஷத்து இம்பாலா கார். பாகில் முக்கியெடுத்த மிட்டாய் மாதிரி ஒரு சிவப்பு. கேண்டி பெயிண்ட்!

கீழே வெள்ளிப் பூச்சு. அதன்மேல் கண்ணாடி போன்ற சிவப்பு... மெல்லிசாய், பூச்சுக்கு மேல் பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் ஆழமாகும். கை ஓர் இடத்தில் தயங்கினால் அந்த இடம் மட்டும் கறுக்கும். சரிசெய்கிறேன் என்று மேலே அடித்தால் இன்னும் கறுக்கும். வெள்ளி வரைக்கும் தேய்த்துத் தள்ளிவிட்டு ஆரம்பத்திலிருந்து வரவேண்டியதுதான்.

அப்படிப்பட்ட வேலையின் நடுவில்தான் போலீஸ்.

"எவரிஸ்டோவ யாரோ கொன்னுட்டாங்க. பத்து மணி வாக்குல."

ஃபிடென்சியோ முகமூடியைக் கழற்றினான். "எவரிஸ்டோவையா..?"

"முந்தாநாள் டாக்கோ கடையில 'உன்னத் தீர்த்துடறேன்'னு கத்துனீங்களாமே?"

"அவன் என்ன சொன்னான்னு கேட்டீங்களா? என் கேண்டியில வரி விழுதுன்னான்! ஊர் முன்னாடி! அம்மாவத் திட்டியிருந்தாக்கூட விட்டுருப்பேன்!"

"இப்படியே பேசுங்க. எனக்கு வேலை மிச்சம்."

"ஐயோ, நான் காலையிலருந்து இங்கதான் மேடம் இருந்தேன்!"

"சாட்சி?"

"நான்!" என்றது ஒரு குரல்.

டான் பல்தசார்!

கார் கிளப்பின் தலைவர். அந்த இம்பாலாவின் சொந்தக்காரர். வெள்ளைத் தொப்பி, பாலிஷ் போட்ட பூட்ஸ். ஜாக்கெட்டின் முதுகில் கிளப் பெயர் சின்னதாக, அவர் பெயர் பெரிதாக. அவர் அறைக்குள் வந்தால் மேளம் அடிக்காதது ஒன்றுதான் குறை.

"சீமாட்டியே! இவன் நிரபராதி! அதோ, அந்தக் கண்ணாடி ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, காலையிலருந்து என் பேரரசி அலங்காரம் பண்ணிக்கறத இமை கொட்டாம பாத்துட்டிருந்தேன்!"

"பேரரசியா? யாரு?"

"இந்தக் கார்!"

யோலாண்டா சூயிங்கத்தை மறுகன்னத்துக்கு மாற்றினாள். "அப்ப ஃபிடென்சியோ வெளிய போகவே இல்ல?"

"ஒரு நொடி கூட கை நிக்கல! ராகம் மாதிரி வாசிச்சிட்டே இருந்தான்!"

ஃபிடென்சியோ ஓரக்கண்ணால் இம்பாலாவின் பின்பக்கத்தைப் பார்த்தான். காப்பாற்றத்தான் பேசுகிறார் மனுஷன். ஆனால்...

"அப்படியா?" யோலாண்டா சிரித்தாள். "பக்கத்துல தமாலே பலகாரம் விக்கற ரெஃபுகியோம்மா வேற மாதிரி சொல்றாங்களே! பத்து மணிக்கு கம்ப்ரசர் சத்தம் டப்புனு நின்னுடுச்சாம். அரை மணி நேரம் அது ஓடவே இல்லயாம். எவரிஸ்டோவோட ஷெட்டுக்குப் போய்ட்டு வர அரை மணி தாராளம்!"

"கிழவிக்குக் காது மந்தம்!" என்றார் டான்.

"டான், நீங்க உங்க பெயிண்டருக்காகப் பொய் சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை ஷோவுக்கு கார் வேணுமேன்னு... புரியுது." அவள் ஃபிடென்சியோ பக்கம் திரும்பினாள். "கம்ப்ரசர் ஏன் நின்னுச்சு?"

ஃபிடென்சியோ பெயிண்ட் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"சொல்லுங்க!"

அவனுக்குச் சொல்லத் தெரியும். சொல்ல முடியாது! டானின் வாய்தான் இந்த விட்டியர் சாலையின் செய்தித்தாள். இப்போது சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊரே சிரிக்கும். எவரிஸ்டோ சொன்னது சரிதான் என்று சிரிக்கும். செத்தவன் ஜெயித்துவிடுவான்!

"அது... சும்மா... ரெஸ்ட் எடுத்தேன்."

"கேண்டி அடிக்கறப்ப நடுவுல ரெஸ்ட்டா? என் மாமனும் பெயிண்டர்தான்."

க்ளிக்! விலங்கு ஒரு மணிக்கட்டில் ஏறியது.

"கொலைக்கு எத்தனை வருஷம் தெரியுமில்ல?"

"மேடம், கொஞ்சம் வெளிய வாங்களேன், தனியா சொல்றேன்..."

"இங்கயே."

"அவர் இருக்காரே!"

"இருக்கட்டும்."

க்ளிக்! அடுத்த மணிக்கட்டு.

"திட்டு விழுந்துடுச்சு!" ஃபிடென்சியோ அலறினான். "போதுமா? நான்தான்! ஃபிடென்சியோதான்! துப்பாக்கிக்குக் காத்து வர்ற ஹோஸ் பிடுங்கிக்கிட்டு பாம்பாட்டம் ஆடுச்சு! துப்பாக்கி துப்பிடுச்சு! கம்ப்ரசர அணைச்சேன்! பின்பக்கம், சுவரோரமா... பாருங்க! ஹோஸ மாட்டறேன், கழண்டுக்குது! மாட்டறேன், கழண்டுக்குது! அரை மணி நேரம் எல்லாப் புனிதர்களையும் பேர் சொல்லிக் கத்தினேன்! ஹோஸ எட்டி உதைச்சேன்! கால் விரல் வீங்கிடுச்சு!"

யோலாண்டா டார்ச்சை அடித்தாள்.

வெளிச்சம் பட்டதும் சிவப்பு உயிர்பெற்று எரிந்தது. அதன் நடுவே, பின்சக்கரத்துக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு... காய்ந்த ரத்தம் போல ஒரு கறுத்த திட்டு!

"என்னது?!"

டான் பல்தசார் பாய்ந்து வந்தார். தொப்பி கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"என் பேரரசிக்கா? என் பேரரசிக்கா?! எப்படா நடந்துச்சு இது? ஏன்டா என்கிட்ட சொல்லல? பாவி! எப்படா?!"

யோலாண்டா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"டான்... நீங்க இமை கொட்டாம பாத்துட்டுதானே இருந்தீங்க?"

"ஆ... ஆமா..."

"ஹோஸ் பாம்பாட்டம் ஆடுச்சு. இவர் அரை மணி நேரம் கத்தியிருக்கார், குதிச்சிருக்கார், ஹோஸ உதைச்சிருக்கார். அது உங்க கண்ணுல படல. ராகம் வாசிச்சார்ங்கறீங்க."

"அது... கண்ணாடியில... புகை..."

"அந்த அரை மணி நேரம் எங்க இருந்தீங்க டான்?"

டானின் வாயிலிருந்து வார்த்தைகள் வரிசையில் நிற்காமல் வந்து விழுந்தன.

"அவன்... அந்த எவரிஸ்டோ... இதே சிவப்ப எதிரி கிளப்புக்கு அடிச்சுத் தரப் போறேன்னான்! ஞாயித்துக்கிழமை! என் சிவப்பு! என் பக்கத்துல நிக்குமாம்! வேண்டாம்னு மரியாதையா கேட்டேன். சிரிச்சான்! பெயிண்ட் டின் கைக்கு வந்துச்சு... நெறைஞ்ச டின்..."

விலங்கு ஃபிடென்சியோவின் கையிலிருந்து டானின் கைக்கு இடம் மாறியது. டானுக்கு மணிக்கட்டு தடிமன். சரியாகப் பூட்டவில்லை. யோலாண்டா இரண்டுமுறை அழுத்தினாள்.

ஃபிடென்சியோ தரையில் உட்கார்ந்தான். உயிர் தப்பியாயிற்று. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் கண் அந்தத் திட்டை விட்டு நகரவில்லை. மறுபடி வெள்ளி வரைக்கும் தேய்க்கவேண்டும். ஒரு மாசப் பாடு...

"மேடம், ஒரு உதவி... ரிப்போர்ட்ல திட்டுன்னு எழுதணுமா? 'சின்னதா ஒரு நிழல்'னு எழுதலாமே?"

"உள்ள போறது அவரு. கவலை உங்களுக்கா?"

வாசலில் போலீஸ் கார் நின்றது. கறுப்பு வெள்ளை. டான் பல்தசார் அதன் கதவருகே போனதும் நின்றுவிட்டார். குனிந்து பெயிண்டைப் பார்த்தார். முகம் சுளித்தது.

"ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கே! இதுலயா நான் ஏறணும்? இந்தத் தெரு பூரா என்னைப் பாக்குமே!"

யோலாண்டா அவர் தலையைப் பிடித்து அமுக்கிப் பின்சீட்டில் தள்ளினாள்.

"ஜன்னலத் துடைக்கச் சொல்லியிருக்கேன் டான்... இமை கொட்டாம பாத்துட்டே வாங்க!"