பெயர், எண், நிற்கும் இடம்

அந்தக் குரல் முதலில் தன் பெயரைச் சொன்னது. அதுதான் ரூபினிக்கு உறுத்தியது.

"புஷ்பவள்ளி. நம்பர் நாலு நாலு ஒண்ணு ஏழு. நிக்கிற எடம், பழைய எஸ்டேட் முச்சந்தி, பஸ் பொண்டோக்."

அழுகை இல்லை, இருமல் இல்லை, ஊர்க்கதை இல்லை. ரூபினி போட்ட சட்டம் அப்படியே இருந்தது. கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு பேக்டரியின் பஸ் பிரிவில் அவள் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஆபீஸ் போனில் வாய்ஸ் மெயில் விடுவார்கள். அவள் கேட்டுவிட்டு வேன் அனுப்புவாள். ஆளாளுக்கு வளவளவென்று பேசி உயிரை வாங்கியதால், நோட்டீஸ் பலகையில் எழுதி ஒட்டினாள். பெயர், எண், நிற்கும் இடம். வேறு பேச்சு இருந்தால் கேட்காமலே அழிக்கப்படும்.

எல்லாரும் அடங்கினார்கள், துப்புரவுப் பிரிவு புஷ்பவள்ளி அக்காவைத் தவிர. ஐம்பது தாண்டியவள். அவள் விடும் எந்தப் பதிவும் "தங்கச்சி, சாப்டியா?" என்று தொடங்கி, "சரிம்மா, வரேன்" என்று முடியும்.

"அக்கா, ஆபீஸ் போன்ல சாப்டியா கீப்டியா எல்லாம் வேணாம்லா. இதுல வரேன் வரேன்னு வேற இழுக்கிறீங்க. போனுக்குள்ளேருந்து எங்க வருவீங்க?" என்று ஒருநாள் ரூபினி எல்லார் முன்னாலும் கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அக்காவும் சிரித்தாள். "போறேன்னு சொல்லக் கூடாதேம்மா," என்றாள்.

பிறகு அந்த மழை நாள். "தங்கச்சி, சாப்டியா? எனக்கு என்னமோ..." அதற்கு மேல் ரூபினி கேட்கவில்லை. அழிக்கும் பட்டனை அழுத்திவிட்டாள். மறுநாள் காலை பஸ் ஓட்டுநர்தான் பார்த்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பொண்டோக் கொட்டகையின் பெஞ்சில் அக்கா நனைந்து விறைத்துக் கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள்.

"மெசேஜ் ஏதும் விட்டாங்களா ரூபினி?" என்று மேனேஜர் யோகேந்திரன் கேட்டார்.

"இல்ல சார்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ரூபினிக்கு நெஞ்சோடு நிற்கவில்லை, சோறும் இறங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அக்காவின் மகள் இலையில் பரிமாறி, "சாப்டுங்கக்கா," என்றபோது பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

அதற்கு மறுநாள்தான் பெயர், எண், இடம் மட்டும் சொன்ன இந்தப் பதிவு வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டு அழித்தாள்.

அடுத்த நாள், "நிக்கிற எடம், கம்பெனி மெயின் கேட்." அழித்தாள். அதற்கடுத்த நாள், "நிக்கிற எடம், ஜாகா கொட்டாய்." கேட்டில் காவலிருக்கும் ஜாகா அழகேசனிடம் போய் விசாரித்தாள். "யாரும் வரலையே தங்கச்சி. வெயில் நேரம், ஆனா தரை மட்டும் சொதசொதன்னு ஈரமா இருந்துச்சு," என்றார் அவர்.

இன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. எல்லாரும் கிளம்பிப் போன ஆபீஸில் ஏர்கான் முனகிக்கொண்டிருக்க, தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, எங்கிருந்தோ நனைந்த துணியும் தரை கழுவும் மருந்தும் கலந்த வாடை மெல்ல மெல்ல மேசைவரை வந்து நின்றபோது, போனில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

"புஷ்பவள்ளி. நாலு நாலு ஒண்ணு ஏழு. நிக்கிற எடம், மாடிப்படி."

சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும். மேனேஜர் நம்பரை அழுத்தினாள். அவர் எடுக்கவில்லை. பீப் ஒலி கேட்டது.

"ரூபினி. பஸ் பிரிவு. சார், அன்னிக்கு புஷ்பவள்ளி அக்கா..."

வேலை போகும். அந்த மகள் முகத்தில் எப்படி விழிப்பது? கூரையில் மழை. படியில் சொத், சொத் என்று ஈரக்கால் ஓசை.

"...ஒண்ணுமில்ல சார். பஸ் எல்லாம் ஓகே."

போனை வைத்தாள். கால் ஓசை நின்றது. உடனே சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் எதையும் தொடவில்லை. பதிவு தானே ஓடியது.

"புஷ்பவள்ளி. நாலு நாலு ஒண்ணு ஏழு. நிக்கிற எடம்..."

இடத்தைச் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, செத்த பின் முதல் தடவையாக, சட்டத்தில் இல்லாத பேச்சு.

"சரிம்மா, வரேன்."

பதிவு முடிந்தது. மூச்சு முடியவில்லை.

ரூபினி அழிக்கும் பட்டனைத் தேடினாள். விரல் வைத்தாள். அழுத்த வரவில்லை.

அவள் விரல்மேல் இன்னொரு விரல். வெளுத்தது. தண்ணீரில் ஊறிச் சுருங்கியது. நகத்திலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

காதோரம், குளிர்ந்த காற்று.

"தங்கச்சி, சாப்டியா?"